பழைய எஸ்.யூ.வி. வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. பல வருடமாகப் பழைய டீசல் வண்டிகளையே வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான். அதனால் சொந்தக்காரரோ தெரிந்தவரோ செகண்ட் ஹேண்டில் பெரிய வண்டி பார்த்தால் "நீங்களும் வாங்களேன், ஒரு கண் பார்த்துச் சொல்லுங்க" என்று கூப்பிடுவார்கள். போகிற வழியில் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். எட்டிலிருந்து பதினைந்து வயதாகி, தமிழ்நாட்டில் விலைக்கு வரும் டீசல் எஸ்.யூ.வி.களை மனதில் வைத்து அவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில் எதைப் பார்ப்பது? இன்ஜினா, பாடியா?

முதலில் ஆர்.சி. (பதிவுச் சான்று), அடுத்து சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்). இன்ஜின் அதற்கப்புறம். பெயின்ட் கடைசி.

பழைய வண்டி என்றால் கோளாறு இருக்கத்தான் செய்யும். கோளாறே இல்லை என்று விற்பவர் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். அது காசு போட்டால் தீருமா, எவ்வளவு போட்டாலும் தீராதா என்பதுதான் கேள்வி. கிளட்ச், சஸ்பென்ஷன், ஏ.சி., ஏன், இன்ஜின் கூட முதல் வகை. செலவைக் கணக்குப் போட்டு விலையில் குறைத்துக் கேட்கலாம். வளைந்த சேசிஸ், வெள்ளத்தில் ஊறிய வயரிங், சிக்கலான ஆவணங்கள் இரண்டாவது வகை. அதில் ஒன்று தெரிந்தாலும் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டியதுதான். பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

எல்லா எஸ்.யூ.வி.க்கும் சேசிஸ் உண்டா?

இல்லை. ஸ்கார்ப்பியோ, பொலேரோ, பழைய சஃபாரி, ஸ்டோர்ம், ஃபார்ச்சூனர், எண்டெவர் எல்லாம் லாரி மாதிரி தனி சேசிஸ் மேல் பாடியை ஏற்றிய வண்டிகள். டஸ்டர், எக்ஸ்.யூ.வி.500, ஈகோஸ்போர்ட் ஆகியவை கார் மாதிரி, பாடியும் அடிப்பாகமும் ஒரே கூடு. தனி சேசிஸ் வண்டி அடிபட்டால் மேலே புதுப் பாடி போட்டு மறைத்துவிடலாம், கீழே கட்டை வளைந்தே இருக்கும். கூடு வண்டியில் முன்பக்கம் பலமாக வாங்கியிருந்தால் கதவு இடைவெளியிலேயே தெரிந்துவிடும். ஒரு கதவு லேசாகச் சாத்தினாலே மூடிக்கொள்ளும், இன்னொன்றை அடித்துச் சாத்த வேண்டியிருக்கும்.

சரி, அடியில் படுத்து எதைப் பார்க்க வேண்டும்?

பழைய லுங்கி ஒன்றை விரித்துப் படுங்கள், கையில் டார்ச் இருக்கட்டும். முன் பம்பரிலிருந்து பின்பக்கம் வரை சேசிஸ் கட்டை இரண்டையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக, இடைவெளி விட்டு இருக்கும். பட்டறையில் வைத்த வெல்டிங் புழு ஊர்ந்தது போல் மேடு பள்ளமாக இருக்கும். கட்டையில் சுருக்கம் விழுந்திருந்தால் அது அடி வாங்கிய இடம். அடியில் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்து, அதன் ஈரவாடை கூடப் போகாமல் இருந்தால் எதையோ மறைத்திருக்கிறார்கள்.

முன்னால் பெரிய கம்பி பம்பர் மாட்டிய வண்டி என்றால் அதன் பின்னால் கட்டாயம் பாருங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் இந்தக் கம்பி பம்பர்களுக்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஆனாலும் கழற்றாமல் ஓடும் வண்டிகள் ஏராளம். அந்தக் கம்பி நேராகச் சேசிஸில் மாட்டியிருப்பதால் சின்ன இடி கூடக் கட்டைக்கு இறங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒரு கீறல் இருக்காது.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு, செலவில்லாதது. மண் தரையில் தண்ணீர் தெளித்து வண்டியை நேராக ஒரு இருபது அடி ஓட்டச் சொல்லுங்கள். பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்தின் மேல் விழ வேண்டும். சில மாடலில் கொஞ்சம் உள்ளே தள்ளி விழும், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விலகினால் வண்டி நண்டு நடை நடக்கிறது என்று அர்த்தம்.

கடலோர ஊர் வண்டி வாங்கலாமா?

நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேஸ்வரம், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் நின்ற வண்டி என்றால் இன்னும் பத்து நிமிடம் அதிகமாக அடியில் படுங்கள். வீல் ஆர்ச் உள்பக்கம், கதவின் கீழ் விளிம்பு, பின்பக்க ஸ்பிரிங் உட்காரும் இடம் இவற்றைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் தட்டுங்கள். மேல் துரு சுரண்டினால் போய்விடும், பயமில்லை. தட்டும்போது பொருபொருவென்று உதிர்ந்து ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனால் விட்டுவிடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் வண்டிகளில் கிலோமீட்டர் குறைவாக இருக்கும், கிளட்சும் பிரேக்கும் அதைவிட இரண்டு மடங்கு தேய்ந்திருக்கும்.

டிங்கரிங் பார்த்த வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

விரல் முட்டியால் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். தகரம் கணீரென்று சொல்லும், பட்டி பூசிய இடம் மொத்தென்று சொல்லும். பானட்டைத் திறந்து ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். ஸ்பானர் பட்டு பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியது. எல்லாக் கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்புக் குறியீடு இருக்கும். ஒன்று மட்டும் வேறு வருடம் என்றால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். முன்கண்ணாடி கல் பட்டு உடைவது சகஜம். பக்கக் கண்ணாடி மாறியிருந்தால் கதையை முழுதாகக் கேளுங்கள்.

பம்பரில் கீறலும், கதவில் சின்ன நசுங்கலும் இருக்கிற வண்டியை நான் நம்புவேன். பதினோரு வயது வண்டி பளபளவென்று நின்றால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று தெரிவது எப்படி?

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி. மூழ்கிய வண்டிகளில் பல இன்சூரன்ஸில் முழு நஷ்டமாகக் கழிக்கப்பட்டு, ஏலத்தில் கைமாறி, கழுவித் துடைத்துத் திரும்பவும் சாலைக்கு வந்துவிடும். மூழ்கிய ஊரிலேயே விற்பார்கள் என்றும் இல்லை.

2017இல் நண்பருக்காக ஏழு சீட்டர் ஒன்று பார்க்கப் போனோம். உள்ளே மல்லிகைப்பூ வாசனை ஸ்பிரே மூக்கைத் துளைத்தது. சீட் கவர் புதுசு, கார்ப்பெட் புதுசு. "மழையில கூட நனைஞ்சதில்ல சார்" என்றார் புரோக்கர். டிரைவர் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்தேன். கடைசி இரண்டு அடி டீத்தூள் நிறத்தில் கறை, அதற்கு மேல் ஒரு நேர்கோடு. சீட்டை முன்னால் தள்ளித் தண்டவாளத்துக்கு அடியில் விரலை விட்டேன், நைஸான வண்டல் ஒட்டிக்கொண்டு வந்தது. விரலைக் காட்டினேன். புரோக்கர் போன் பேசுவது போல் நகர்ந்துவிட்டார்.

சீட் பெல்ட், சீட் தண்டவாளம் தவிர, ஸ்டெப்னிப் பக்கம், டாஷ்போர்டுக்கு அடியில் தெரியும் போல்ட்டுகளின் துரு, ஃபியூஸ் பெட்டிக்குள் பச்சைக் களிம்பு பிடித்த செம்பு, ஹெட்லைட்டுக்குள் மண் கோடு இவற்றையும் பாருங்கள். இன்ஜின் அன்றைக்கு நன்றாகவே ஓடும். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் பவர் விண்டோ, அடுத்த மாதம் ஏ.பி.எஸ்., அப்புறம் ஈ.சி.எம். (இன்ஜினின் கம்ப்யூட்டர்) என்று ஒவ்வொன்றாகப் போகும். எலெக்ட்ரீஷியன் வீட்டுக்கே குடிபோக வேண்டியதுதான்.

இன்ஜினை எப்படிச் சோதிப்பது?

காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பேச்சுக் கொடுத்தபடியே பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஓட்டித் தயார் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வேறு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

குளிர்ந்த இன்ஜினில் முதலில் டிப்ஸ்டிக், அடுத்து கூலன்ட் டப்பா. டீசலில் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும், அதில் பயமில்லை. ஆயில் மூடியின் உள்பக்கம் பால் கலந்த டீ மாதிரிக் கொழகொழப்பு இருந்தாலோ, கூலன்டில் எண்ணெய் மிதந்தாலோ ஹெட் கேஸ்கெட்டில் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் ஆயிலும் கூலன்டும் கலக்காமல் அடைக்கும் தகடு) சந்தேகம்.

இப்போது வேறு ஒருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்ஸர் பக்கம் நில்லுங்கள். நீலப்புகை தொடர்ந்து வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் அல்லது டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) சீல். டீசல் வாடையோடு வெண்புகை என்றால் இன்ஜெக்டர். வெண்புகையோடு கூலன்டும் குறைகிறது என்றால் மறுபடி ஹெட் கேஸ்கெட். திடீரென்று ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது கொஞ்சம் கரும்புகை பழைய வண்டியில் இருக்கும். சீராக ஓடும்போதும் தள்ளினால் ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜெக்டர் வரை எதுவாகவும் இருக்கலாம்.

அடுத்தது மூடி சோதனை. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல்) ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே வாயில் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் வயசுக்கு அது சரி. இட்லிச் சட்டி மூடி மாதிரிக் குதித்துத் தள்ளிக்கொண்டு போய், உள்ளேயிருந்து புகை பக்பக்கென்று வந்தால் சிலிண்டர் காற்று கீழே கசிகிறது. இன்ஜின் பிரிக்கிற வேலைக்குக் காசு எடுத்துவைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

டர்போவுக்கும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் போகும் ரப்பர் ஹோஸைப் பாருங்கள். உள்ளே எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு, தேங்கி நிற்கக் கூடாது. ஓட்டும்போது ஆம்புலன்ஸ் மாதிரி ஊளை கேட்டால் டர்போ பேரிங் போகிற நேரம்.

டைமிங் பெல்ட் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்களே?

பயப்பட வேண்டியதுதான். இன்ஜினின் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பிசகாமல் ஓட்டுவது இந்தப் பெல்ட். டஸ்டரின் 1.5 டீசல், ஈகோஸ்போர்ட் டீசல், முதல் தலைமுறை ஃபார்ச்சூனரின் 3.0 லிட்டர் டீசல் மூன்றிலும் பெல்ட். ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வை இடிக்கும், அப்புறம் ஹெட் முழுக்க வேலை. மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே பெல்ட், டென்ஷனர், கூடவே வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றிவிடுங்கள். பழைய ஃபார்ச்சூனரில் பெல்ட்டுக்கென்றே மீட்டரில் ஒரு விளக்கு உண்டு. அதை பெல்ட் மாற்றாமலேயே அணைத்துவிட முடியும் என்பதால் விளக்கை நம்ப வேண்டாம்.

கிளட்ச், கியர்?

காலியான சாலையில் நாற்பதில் நான்காவது கியர் போட்டு ஒரேயடியாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் எகிறி, வண்டி எகிறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச்சோடு ஃப்ளைவீலும் போயிருந்தால் செலவு ஏறிவிடும். ஐடிலில் கடகடவென்று சத்தம், கிளட்ச் மிதித்தால் மாறுகிறது என்றால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரம் தள்ளும் வண்டியில் கியர் போட்டு விடும்போது அடியில் டொக் என்று கேட்டால் பெரும்பாலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (கியர் பெட்டியிலிருந்து பின்னால் போகும் தண்டு) கிராஸ் என்ற இணைப்பு. அது சின்னச் செலவு. டிஃபரன்ஷியலில் (பின் ஆக்சிலின் நடுவில் உள்ள கியர்கள்) வேகத்தோடு ஏறும் ஊளை கேட்டால் அது பெரிய செலவு.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் தனியாக என்ன பார்ப்பது?

முதலில், உங்களுக்கு அது உண்மையிலேயே வேண்டுமா என்று யோசியுங்கள். ஊருக்குள் ஓட்ட அது வெறும் எடை. வேண்டும் என்றால் மண் தரைக்குக் கொண்டுபோய் ஹை, லோ கியர் இரண்டும் விழுகிறதா, விளக்கு எரிகிறதா, திரும்ப விடுபடுகிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் போடாமலே விட்ட வண்டியில் ஆக்சுவேட்டர் இறுகிப்போயிருக்கும். ஸ்கார்ப்பியோ போன்றவற்றில் காய்ந்த தார் சாலையில் போட்டுச் சோதிக்கக் கூடாது, கியர்களுக்குள் முறுக்கு ஏறும். முதல் தலைமுறை ஃபார்ச்சூனரின் ஃபோர் வீல் டிரைவ் எப்போதுமே நான்கு சக்கரத்திலும் ஓடுவது. அதில் நான்கு டயரும் ஒரே அளவு தேய்மானத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மீட்டரைத் திருப்பியிருந்தால் தெரியுமா?

மீட்டரைப் பார்ப்பதைவிட வண்டியைப் பாருங்கள். ஸ்டியரிங் தோல் வழவழப்பு, கியர் குமிழில் அழிந்த எண்கள், பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் ஓரம். 62,000 என்று மீட்டர் சொல்லி, பிரேக் பெடல் ரப்பர் மொழுக்கென்று இருந்தால் இரண்டில் ஒன்று பொய். டயரில் நாலு இலக்கம் குத்தியிருக்கும். 2319 என்றால் 2019இன் 23வது வாரம். சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி ஓனரை விட்டே பழைய பதிவுகளை எடுக்கச் சொல்லுங்கள். ஓனர் தயங்கினால் விடை கிடைத்துவிட்டது.

டி போர்டில் (வாடகை வண்டியாக) ஓடிவிட்டு ஓன் போர்டாக (சொந்த வண்டியாக) மாற்றிய வண்டியா என்றும் கேட்டுவிடுங்கள். டிராவல்ஸில் ஓடியது என்றால் மீட்டர் என்ன சொன்னாலும் மூன்று லட்சத்துக்குக் குறையாது என்பது என் கணக்கு.

ஸ்கேனர் தேவையா?

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் பிளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கிப் போனில் இணைத்தாலே போதும். பிழைக் கோடு (எரர் கோட்) எதுவும் இல்லை என்று காட்டினால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். "கோடு அழித்த பின் ஓடிய தூரம்" என்ற வரியையும் பாருங்கள். அது 9 கிலோமீட்டர் என்றால் நேற்று சாயங்காலம்தான் யாரோ அழித்திருக்கிறார்கள். ஏர்பேக் விளக்கையும் கவனியுங்கள். சாவி போட்டதும் எரிந்து, சில நொடியில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். சில கில்லாடிகள் ஆயில் விளக்கோடு சேர்த்து வயர் கொடுத்துவிடுவார்கள். இரண்டும் ஒரே நொடியில் அணைகின்றனவா என்று பாருங்கள்.

ஏ.சி.?

உச்சி வெயிலில் போட்டுப் பாருங்கள். பின்சீட் ஏ.சி. உள்ள வண்டியில் பின்னாலும் உட்கார்ந்து பாருங்கள். "கேஸ் மட்டும் போட்டா போதும் சார்" என்பது பழைய பல்லவி. கேஸ் சும்மா குறையாது, எங்கேயோ கசிகிறது.

ஆவணங்களில் என்னென்ன?

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் குத்தியிருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுக் கடன், இன்சூரன்ஸ் விவரம் பாருங்கள், இ-சலான் பாக்கியையும் பாருங்கள். கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) கடன் பதிவை நீக்கும் படிவம் 35ம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. "அப்பா பேர்ல இருக்கு, அவர் தவறிட்டார்" என்றால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31 வழியாக மாறட்டும், அப்புறம் வாங்குங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓட்டுவது இரண்டு தரப்புக்கும் ஆபத்து.

டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது.

டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கிறதே?

டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் ஓடக் கூடாது என்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதிலிருந்து அங்கிருந்து தெற்கே வண்டிகள் இறங்கத் தொடங்கின. விலை மலிவுதான். ஆனால் படிவம் 28 என்.ஓ.சி., இங்கே ஆயுள் வரி, புது எண், வண்டியைக் கொண்டுவரும் செலவு எல்லாம் கூட்டிப் பாருங்கள். வரி எவ்வளவு வரும் என்று உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

பதினைந்து வயது நெருங்கும் வண்டி?

சொந்த வண்டியின் பதிவு 15 வருடத்துக்கு. அப்புறம் எஃப்.சி. (ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது, பசுமை வரி தனி. இன்னும் ஒரு வருடமே இருக்கிற வண்டி என்றால் எஃப்.சி.க்கு ஆகும் வேலைச் செலவையும் விலையில் கழியுங்கள்.

கம்பெனியே போய்விட்ட மாடலை வாங்கலாமா?

ஃபோர்டு 2021இல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்காக எண்டெவர் ஓடாமல் போய்விடவில்லை. ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் கிடைக்கிறது. ஹெட்லைட், பம்பர், சென்ஸர் மாதிரி சமாச்சாரங்களுக்கு முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். உங்கள் ஊரில் அந்த வண்டியைக் கை வைக்கத் தெரிந்த ஒரு மெக்கானிக்காவது இருக்கிறாரா என்பதுதான் முக்கியம். பொலேரோவுக்கு அந்தக் கவலையே இல்லை, எந்தக் கிராமத்திலும் ஆள் உண்டு.

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கட்டாயம். ஆனால் விற்பவரோ புரோக்கரோ சொல்லும் மெக்கானிக் வேண்டாம். நீங்களே கூட்டிப் போங்கள், வண்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவருக்கு ஒரே கூலி என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். வாங்கினால்தான் காசு என்றால் எல்லா வண்டியும் நல்ல வண்டியாகத்தான் தெரியும்.

வாங்கிய பிறகு உடனே செய்ய வேண்டியது?

விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவையுங்கள் என்பேன். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டர், எல்லா பெல்ட் முதல் வாரமே மாறட்டும். அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி டாஷ்போர்டில் போட்டுவையுங்கள். பழைய ஓனரின் ஃபாஸ்டாகைக் கண்ணாடியிலிருந்து உரித்துவிடுங்கள். நான் ஒரு முறை மறந்துவிட்டு, திண்டிவனம் தாண்டும்வரை மூன்று டோல் அவர் கணக்கிலேயே போயிருக்கிறது. அவர் போன் பண்ணித்தான் எனக்கே தெரிந்தது.